கடன்பற்று அட்டையை வெட்டிப் போடும் முன் வங்கியிடம் பேசிப் பார்க்கலாம்

தோட்டத்து மளிகைக் கடையில் இருந்த '555' நோட்டுப் புத்தகம் பல குடும்பங்களுக்கு இன்னும் நினைவிருக்கும். உள்ளங்கை அளவு புத்தகம். அரிசி, பருப்பு, நெத்திலி, சீனி என்று மாதம் முழுவதும் அதில் எழுதிக்கொண்டே போவார்கள். சம்பள நாளில் கணக்குப் பார்ப்பார்கள். மழை விடாமல் பெய்து பால்வெட்டு நின்றுபோன மாதத்தில், "இந்த மாதம் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை அடுத்த மாதம் தருகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்ல முடிந்தது. அவரும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். அந்தக் குடும்பம் வேறு கடைக்குப் போய்விட்டால் அவருக்கும் நட்டம்தான்.

இன்று அந்த 555 புத்தகத்தின் இடத்தில் கடன்பற்று அட்டை வந்துவிட்டது. ஆனால் கடைக்காரரிடம் பேசிய வாய் வங்கியிடம் பேசுவதில்லை. பேரங்காடியில் போட்ட மேசையில், இலவசப் பயணப்பைக்காகக் கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை. சில ஆண்டுகள் கழித்து ஆண்டுக் கட்டணம் வருகிறது, வட்டி ஏறுகிறது. அப்போது பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வந்ததை வாய் பேசாமல் கட்டுகிறார்கள், அல்லது கோபத்தில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். இரண்டிலும் பணம் போகிறது. இரண்டாவதில் பெயரும் கெடுகிறது.

இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. ரத்து செய்யும் முன் வங்கியை அழைத்துப் பேசுவதே அது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். கணவர் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். மாதச் சம்பளம் 3,000 வெள்ளி. மனைவி பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறார். பத்து ஆண்டுகளாக வாடகை வீடு. இந்த ஆண்டு எப்படியாவது ஒரு வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம்.

கணவரிடம் இரண்டு அட்டைகள். முதல் அட்டையில் 6,000 வெள்ளி பாக்கி. மகளின் படிப்புச் செலவு, காரின் கியர் பெட்டி, ஒரு தீபாவளி எனச் சேர்ந்த கடன் அது. கடந்த ஓராண்டில் மூன்று மாதம் கட்டத் தவறிவிட்டார். இரண்டாவது அட்டையில் கடன் இல்லை, அதை அதிகம் பயன்படுத்துவதும் இல்லை. ஆனால் இந்த மாத அறிக்கையில் ஆண்டுக் கட்டணம் 150 வெள்ளி, சேவை வரி 25 வெள்ளி என்று வந்திருக்கிறது.

"என்னங்க, இந்த ரெண்டையும் வெட்டிப் போட்டுடலாம். வீட்டுக் கடன் கேக்கப் போறப்ப இது எதுக்கு?" என்கிறார் மனைவி.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு அட்டைகளும் இரண்டு வேறு பிரச்சினைகள். ஒன்றில் பிரச்சினை கட்டணம். மற்றதில் பிரச்சினை கடன். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்று குணமாகலாம், மற்றது மோசமாகலாம்.

முதலில் தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

பேசப் போகும் முன் எது வங்கியின் கையில் இருக்கிறது, எது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்டுக் கட்டணம் வங்கி வைப்பது. அதைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ வங்கியால் முடியும். ஆண்டுக்கு இத்தனை முறை அட்டையைத் தேய்த்தால் கட்டணம் இல்லை என்ற சலுகையைப் பல வங்கிகள் முன்பிருந்தே வைத்திருக்கின்றன. அது தெரியாமலே கட்டணம் கட்டி வருபவர்கள் ஏராளம்.

சேவை வரி அப்படியல்ல. 2018 செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரி திரும்ப வந்ததிலிருந்து ஒவ்வொரு அட்டைக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி வசூலிக்கப்படுகிறது. மனைவி, பிள்ளைகள் பெயரில் எடுத்த துணை அட்டைக்கும் இதே 25 வெள்ளிதான். இது அரசாங்கத்துக்குப் போகும் பணம் என்பதால் வங்கி இதைத் தள்ளுபடி செய்ய முடியாது. சில வங்கிகள் சேர்த்துவைத்த போனஸ் புள்ளிகளைக் கொண்டு இதை ஈடுகட்ட விடுகின்றன. அதைக் கேட்கலாம். 'வரியை எடுத்துவிடுங்கள்' என்று சண்டை போடுவதில் பயனில்லை.

வட்டிக்குப் பேங்க் நெகாரா மூன்று படிகள் வகுத்திருக்கிறது. தொடர்ந்து 12 மாதம் குறைந்தபட்சத் தொகையையாவது தவறாமல் உரிய நாளுக்குள் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வரை. 12 மாதத்தில் 10 மாதமோ அதற்கு மேலோ ஒழுங்காகக் கட்டியவருக்கு 17 விழுக்காடு வரை. மற்றவர்களுக்கு 18 விழுக்காடு வரை. ஒழுங்காகக் கட்டியும் அறிக்கையில் 18 என்று இருந்தால், 15-ஐக் கேட்பது சலுகை கேட்பதாகாது. அது அட்டைதாரரின் உரிமை.

தாமதக் கட்டணம் பாக்கித் தொகையில் 1 விழுக்காடு. குறைந்தது 10 வெள்ளி, அதிகபட்சம் 100 வெள்ளி. 6,000 வெள்ளி பாக்கி உள்ளவர் ஒரு மாதம் தவறினால் 60 வெள்ளி. எப்போதும் ஒழுங்காகக் கட்டி வந்தவர் ஒருமுறை தவறிவிட்டால், அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். வங்கி கட்டாயம் தர வேண்டும் என்பதில்லை. கேட்பவருக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு விதியும் இந்தக் குடும்பத்தைத் தொடுகிறது. ஆண்டு வருமானம் 36,000 வெள்ளியோ அதற்குக் குறைவாகவோ உள்ளவர் அதிகபட்சம் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளைத்தான் வைத்திருக்க முடியும். ஒவ்வொரு நிறுவனமும் அவருடைய மாத வருமானத்தைப் போல் இரண்டு மடங்கு வரைதான் கடன் வரம்பு கொடுக்கலாம். இந்தக் கணவரின் வருமானம் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. முதல் அட்டையின் 6,000 வெள்ளி பாக்கி என்பது அவருடைய வரம்பு முழுவதும் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

கடன் இல்லாத அட்டைக்குப் பேசுவது எப்படி?

எளிதானதிலிருந்து தொடங்குவது நல்லது. இரண்டாவது அட்டையில் பாக்கி இல்லை. இங்கே அட்டைதாரரின் கை ஓங்கியிருக்கிறது. ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க மேசை போட்டு, ஆள் வைத்து, பயணப்பை கொடுக்க வேண்டும். இருக்கும் வாடிக்கையாளரைத் தக்கவைப்பது வங்கிக்கு அதைவிட மலிவு. அதனால்தான் ரத்து செய்ய வருபவர்களிடம் பேசுவதற்கென்றே பல வங்கிகள் ஆள் வைத்திருக்கின்றன.

அழைக்கச் சரியான நேரம், ஆண்டுக் கட்டணம் அறிக்கையில் வந்தவுடன், கட்ட வேண்டிய தேதிக்கு முன். கட்டிவிட்டுக் கேட்டால் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். கட்டாமலே விட்டுவிட்டுத் தேதி தாண்டிக் கேட்டால் தாமதக் கட்டணம் ஏறிவிடும்.

அழைக்க வேண்டிய எண், அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண் மட்டுமே. எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் வழியாக வந்த எண்ணையோ, 'வங்கியிலிருந்து பேசுகிறோம், கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம்' என்று தாமாக அழைப்பவரையோ நம்பக்கூடாது. அட்டையின் பின்னால் உள்ள மூன்று இலக்க எண்ணையும், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணையும் கேட்டால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிட வேண்டும்.

அழைக்கும் முன் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளலாம். அட்டை எடுத்து எத்தனை ஆண்டு, கடந்த ஓராண்டில் ஏறக்குறைய எவ்வளவு செலவு, தாமதமின்றிக் கட்டிய மாதங்கள், என்ன வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசத் தயங்குபவர்களுக்கு இந்தத் தாள் பெரிய துணை. 'யுரான் தாஹுனான்' என்றால் ஆண்டுக் கட்டணம். 'பாக்கி தெர்துங்காக்' என்றால் கட்ட வேண்டிய பாக்கி. 'பாத்தால் காட்' என்றால் அட்டையை ரத்து செய்வது. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடையாள அட்டை எண் முதலிய விவரங்களைச் சொல்லித் தம்மை உறுதிப்படுத்த வேண்டியவர் அட்டைதாரர்தான்.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"வணக்கம். இந்த அட்டையை ஆறு வருசமா வச்சிருக்கேன். பாக்கி எதுவும் இல்ல. இந்த மாசம் 150 வெள்ளி ஆண்டுக் கட்டணம் போட்டிருக்கீங்க. இதைத் தள்ளுபடி செய்ய முடியுமா? இல்லன்னா அட்டையை ரத்து செய்யலாம்னு இருக்கேன்."

"ஒரு நிமிசம் சார், பார்க்கிறேன். இந்த வருசம் நீங்க அதிகமா பயன்படுத்தல சார். பாதிக் கட்டணம் குறைச்சுத் தர முடியும்."

"பாதி வேண்டாம் மேடம். முழுசா எடுக்க முடியாதுன்னா கட்டணமே இல்லாத வேற அட்டைக்கு மாத்திக் கொடுக்க முடியுமா?"

"அடுத்த ரெண்டு மாசத்துல 300 வெள்ளிக்கு பயன்படுத்துனீங்கன்னா முழுக் கட்டணத்தையும் திருப்பித் தருவோம் சார்."

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. 300 வெள்ளி என்பது எப்படியும் ஆகப்போகும் பெட்ரோல், மின்கட்டணச் செலவா, அல்லது 150 வெள்ளியைக் காப்பாற்றத் தேவையில்லாமல் 300 வெள்ளிக்குப் பொருள் வாங்குவதா? முதலாவது என்றால் ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவது என்றால் வேண்டாம்.

குரலை உயர்த்துவதால் பயனில்லை. தொலைபேசியில் இருப்பவர் விதியை எழுதியவர் அல்ல. அவருக்கென்று ஓர் அளவு அதிகாரம் உண்டு. அது போதவில்லை என்றால், "மேலதிகாரியிடம் பேச முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால், சில நாள் கழித்து, கட்ட வேண்டிய தேதிக்கு முன் மறுபடி அழைக்கலாம். வேறு அதிகாரி, வேறு பதில் கிடைப்பதுண்டு.

ஒப்புக்கொண்டதும் அதிகாரியின் பெயர், தேதி, நேரம், குறிப்பு எண் ஆகியவற்றை அதே தாளில் எழுத வேண்டும். மின்னஞ்சலிலோ எஸ்எம்எஸ்சிலோ உறுதி செய்யச் சொல்ல வேண்டும். அடுத்த மாத அறிக்கையில் 150 வெள்ளி கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விவகாரம் முடிந்தது என்று பொருள்.

மிரட்டலுக்காக மட்டும் 'ரத்து' என்று சொல்லக்கூடாது. சில வேளை, "சரி சார், ரத்து செய்துவிடுகிறோம்" என்று பதில் வந்துவிடும். அப்படி வந்தால் பரவாயில்லை என்ற நிலையில் இருப்பவர்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.

கடன் உள்ள அட்டைக்கு அந்தப் பேச்சு வேண்டாம்

முதல் அட்டைக்கு இதே உத்தியைப் பயன்படுத்தினால் அடி திரும்பி விழும். அட்டை ரத்தானால், ஒப்பந்தப்படி அதிலுள்ள முழுப் பாக்கியையும் வங்கி உடனே கேட்கலாம். 6,000 வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவர் யார்? அட்டையை வெட்டிப் போட்டாலும் கடன் வெட்டுப்படாது. வட்டி அதே வேகத்தில் ஓடும்.

அது ஓடும் வேகத்தைக் கணக்கில் பார்க்கலாம். 18 விழுக்காடு வட்டியில் 6,000 வெள்ளிக்கு மாதம் 90 வெள்ளி வட்டி. குறைந்தபட்சத் தொகை பொதுவாகப் பாக்கியில் 5 விழுக்காடு, அல்லது 50 வெள்ளி, இதில் எது அதிகமோ அது. ஆக முதல் மாதம் 300 வெள்ளி. அதில் 90 வெள்ளி வட்டிக்கே போய்விடும்.

பாக்கி குறையக் குறைய குறைந்தபட்சத் தொகையும் குறையும். அந்தத் தொகையை மட்டும் கட்டி வந்தால், புதிதாக ஒரு காசுகூடச் செலவு செய்யாவிட்டாலும், கடன் தீர ஆறு ஆண்டுகள் ஆகும். வட்டி மட்டும் 2,100 வெள்ளிக்கு மேல். அதே ஆள் தொகையைக் குறைக்காமல் மாதாமாதம் 300 வெள்ளியே கட்டி வந்தால் இரண்டே ஆண்டில் முடியும். வட்டி ஏறக்குறைய 1,200 வெள்ளிதான். வங்கியிடம் பேசாமலே, வீட்டிலேயே எடுக்கக்கூடிய முதல் முடிவு இது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. முழுப் பாக்கியையும் கட்டுபவருக்குத்தான் 20 நாள் வட்டியில்லாக் காலம். பாக்கி வைத்திருப்பவர் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டி ஏறத் தொடங்கிவிடும். அதனால் கடன் உள்ள அட்டையைப் பேச்சுவார்த்தை முடியும்வரை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவது நல்லது. ஓர் அட்டையில் ரொக்கம் எடுத்து இன்னோர் அட்டைக்குக் கட்டுவது அதைவிட மோசம். ரொக்கத்துக்குக் கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு.

வங்கியிடம் கேட்க வேண்டியவை

இந்த அட்டைக்கு அழைக்கும்போது பேச்சின் தொடக்கமே வேறு. "இந்தக் கடனை முழுவதும் கட்டி முடிக்க விரும்புகிறேன். அதற்கு வழி செய்யுங்கள்" என்று தொடங்க வேண்டும். கேட்கக்கூடியவை மூன்று.

முதலாவது, பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றுவது. 18 விழுக்காட்டில் ஓடும் பாக்கியை 12, 24 அல்லது 36 மாதத் தவணையாகக் குறைந்த வட்டியில் மாற்றிக் கொடுக்கும் திட்டங்கள் பல வங்கிகளில் உள்ளன.

இரண்டாவது, பாக்கியை வேறு வங்கியின் அட்டைக்கு மாற்றுவது. 'பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்' என்பார்கள். சில சமயம் வட்டி பூஜ்யம் என்று விளம்பரம் வரும். ஆனால் தொடக்கத்திலேயே ஒரு கட்டணம் இருக்கலாம். 3 விழுக்காடு கட்டணம் என்றால் 6,000 வெள்ளிக்கு 180 வெள்ளி. 12 மாதத்தில் முடிக்க மாதம் 500 வெள்ளி கட்ட வேண்டும். அந்த 500 கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லாதவர் ஒரு தவணை தவறினால் சலுகையே போய்விடலாம். இரண்டாவது அட்டையில் பாக்கி இல்லாததால், அதை ரத்து செய்யும் முன் அந்த வங்கியிடம் இந்தத் திட்டம் இருக்கிறதா என்று கேட்பது நல்லது. கோபத்தில் முதலிலேயே வெட்டியிருந்தால் இந்த வாசலும் மூடியிருக்கும்.

மூன்றாவது, தாமதக் கட்டணங்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வது. தவணைத் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளும் வேளையில் இதைக் கேட்பதே பொருத்தம்.

வட்டி விகிதத்தில் ஒரு கண்ணி உண்டு. 'ஆண்டுக்கு 6 விழுக்காடுதான்' என்று அதிகாரி சொன்னால், அது தொடக்கத் தொகைக்கே கடைசிவரை போடும் வட்டியா என்று கேட்க வேண்டும். 6,000 வெள்ளிக்கு 6 விழுக்காடு, இரண்டு ஆண்டு என்றால் வட்டி 720 வெள்ளி, மாதத் தவணை 280 வெள்ளி. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறதே! அதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி ஏறக்குறைய 11 விழுக்காடு. இருந்தாலும் அது 18-ஐவிடக் குறைவு, எனவே கெட்ட பேரமல்ல. ஆனால் இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது ஒரே அளவுகோலால் ஒப்பிட வேண்டும். 'எஃபெக்டிவ் ரேட் எவ்வளவு, மொத்தமாக எவ்வளவு கட்டுவேன்?' என்ற கேள்வியைக் கேட்டாலே போதும். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வாக்குக் கொடுக்கும்போதும் கவனம் தேவை. மாதம் 280 வெள்ளிதான் முடியும் என்றால் 400 என்று சொல்லக்கூடாது. வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து, வாடகை, கார், பள்ளிப் பேருந்து, கூட்டுப் பணம் எல்லாம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும்.

வங்கி இறங்கி வராவிட்டால்

பல மாதத் தவணை நின்றுபோய், பல இடத்தில் கடன் என்றால் ஒவ்வொரு வங்கியாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம் இருக்கிறது. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது. அங்குள்ள ஆலோசகர் வரவு செலவைப் பார்த்து, கட்ட முடிந்த ஒரு தொகையை வைத்து, வங்கிகளோடு பேசித் திருப்பிச் செலுத்தும் திட்டம் வகுத்துத் தருவார். திட்டத்தில் சேர்ந்தவர் கடன்பற்று அட்டையைத் தொடர்ந்து பயன்படுத்த முடியாது. அந்த விவரம் கடன் பதிவிலும் தெரியும். இது இலவசச் சேவை.

ஆகவே 'உங்கள் கடனை நாங்கள் பேசி முடித்துத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்' என்று ஒருவர் வந்தால் எச்சரிக்கை தேவை. இலவசமாகக் கிடைப்பதற்கு அவர் பணம் கேட்கிறார். வங்கிக் கடனை அடைக்க ஆலோங்கிடம் போவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

வங்கி தவறாகக் கட்டணம் போட்டது, வாக்குக் கொடுத்ததை மறுக்கிறது என்பது போன்ற புகார் இருந்தால், முதலில் அந்த வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் பேங்க் நெகாராவின் பிஎன்எம்லிங்க் சேவையை நாடலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவையும் இத்தகைய தகராறுகளை விசாரிக்கிறது. அங்கெல்லாம் பேசப்போவது அந்தத் தாளில் எழுதிவைத்த தேதியும் பெயரும் குறிப்பு எண்ணும்தான்.

ரத்து செய்வதே சரி என்றால்

பேசிப் பார்த்தும் பயனில்லை, அல்லது அட்டை தேவையே இல்லை என்றால் ரத்து செய்யலாம். அதை முறையாகச் செய்ய வேண்டும்.

போனஸ் புள்ளிகளை முதலில் பயன்படுத்திவிட வேண்டும். பொதுவாக அட்டையோடு அவையும் போய்விடும்.

அந்த அட்டையில் மாதாமாதம் தானாகக் கழியும் கட்டணங்களைப் பட்டியலிட்டு வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும். மின்கட்டணம், ஆஸ்ட்ரோ, இணையம், காப்புறுதி எல்லாம் இதில் அடங்கும். காப்புறுதிதான் ஆபத்தானது. சந்தா கழியாமல் பாலிசி காலாவதியானது, மருத்துவமனை வாசலில் நிற்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

பூஜ்ய வட்டித் தவணையில் கைப்பேசியோ குளிர்சாதனப் பெட்டியோ வாங்கியிருந்தால், மீதித் தவணை முழுவதும் ஒரே தடவையில் பாக்கியாக வரும். துணை அட்டைகளும் சேர்ந்தே நின்றுபோகும். துணை அட்டையில் மகன் செலவு செய்ததற்கும் முதன்மை அட்டைதாரரே பொறுப்பு.

அறிக்கையில் உள்ள தொகையைக் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. அறிக்கை அச்சான நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடையே ஓடிய வட்டி அடுத்த மாதம் சில வெள்ளியாக வந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் தாமதக் கட்டணம் சேரும், 'பாக்கி உள்ளவர்' என்ற பதிவும் சேரும். எனவே 'இன்று கட்டி முடிக்க மொத்தம் எவ்வளவு?' என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். கூடுதலாகக் கட்டியிருந்தால் அதைத் திரும்பக் கேட்கலாம்.

கடைசியாக, கணக்கு மூடப்பட்டது, பாக்கி இல்லை என்று வங்கியிடம் எழுத்து வடிவில் கடிதம் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் கத்தரிக்கோல். சில்லு வெட்டுப்படும்படி வெட்ட வேண்டும்.

வீட்டுக் கடனும் இந்தக் கடிதமும்

அந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு? வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கி முதலில் பார்ப்பது சிசிரிஸ் பதிவை. பேங்க் நெகாரா வைத்திருக்கும் இந்தப் பதிவில், எந்த வங்கியில் எவ்வளவு கடன், கடந்த 12 மாதத்தில் எந்தெந்த மாதம் தவணை தவறியது என்பதெல்லாம் தெரியும். கணவர் தவறிய மூன்று மாதமும் அதில் இருக்கும். அதே பதிவு நகர்ந்துகொண்டே இருப்பது. இன்றிலிருந்து ஒழுங்காகக் கட்டத் தொடங்கினால், ஓராண்டில் அந்த மூன்று மாதங்களும் 12 மாதக் கட்டத்திலிருந்து வெளியேறிவிடும். தொடர்ந்து 12 மாதம் கட்டியவர் என்ற முறையில் 15 விழுக்காட்டுப் படிக்கும் அவர் தகுதி பெறுவார்.

இந்தப் பதிவை ஒவ்வொருவரும் இசிசிரிஸ் இணையச் சேவை வழி இலவசமாகப் பார்க்கலாம். மூடிய அட்டை இன்னும் திறந்திருப்பதாகக் காட்டினால், வங்கி கொடுத்த கடிதத்தைக் காட்டித் திருத்தச் சொல்லலாம். வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

ஆக, அந்தக் கணவன் மனைவி செய்யக்கூடியது இதுதான். இரண்டாவது அட்டையின் வங்கியை முதலில் அழைத்துக் கட்டணத் தள்ளுபடியும், பாக்கி மாற்றுத் திட்டமும் கேட்பது. முதல் அட்டையின் வங்கியிடம் தவணைத் திட்டம் கேட்பது. இரண்டையும் ஒரே தாளில் எழுதி, மொத்தம் எதில் குறைவு, மாதத் தொகை எதில் கைக்கு எட்டும் என்று பார்ப்பது. தேர்ந்தெடுத்ததை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுவது. கடைசித் தவணை முடிந்த அன்று ரத்து செய்து, கடிதம் வாங்கி, வீட்டுப் பத்திரம் வைக்கப்போகும் அதே கோப்பில் வைப்பது.

அன்று 555 புத்தகத்தில் கணக்குத் தீர்ந்ததும் கடைக்காரர் அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போடுவார். கோடு போட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பாட்டி கடையை விட்டு இறங்குவார். வங்கியின் கடிதமும் அந்தக் கோடுதான். அதைக் கேட்டு வாங்காமல் திரும்பக்கூடாது.